எத்தனை இன்ச் போதும்?



ஆசைப்படுவது தப்பா? சமய வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் சட்டுனு வரும். ஆசைதான் எல்லாத் துன்பத்துக்கும் வேர் என்று கடைசி வரிசையில் தூங்கி வழிபவன்கூடச் சொல்லிவிடுவான். அதே கேள்வியை மின்சாரப் பொருள் கடையில், 75 இன்ச் டிவிக்கு முன்னால், பக்கத்தில் அப்பா நிற்கும்போது கேட்டுப் பாருங்கள். பதில் அவ்வளவு சுலபமா வராது.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஐந்து மாதமா ஓடுது. இருபது வருஷம் வாடகை பிளாட்டில் இருந்துவிட்டு, இந்த வருஷம் மார்ச்சில் சொந்த அப்பார்ட்மெண்டுக்கு வந்தோம். ருமா சிலாங்கூர்கூ திட்டத்தில் கிடைத்த வீடு. 900 சதுர அடி, பதினொன்றாவது மாடி. மாட்டையும் கன்றையும் லிஃப்டில் ஏற்ற முடியாது என்பதால் சாமி படத்துக்கு முன்னால் பால் மட்டும் காய்ச்சினோம். வந்த சொந்தக்காரர்கள் அறை அறையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஹாலில் வந்து நின்றார்கள். நீளமான வெள்ளைச் சுவர். அதன் முன்னால், பிளாட்டிலிருந்து கொண்டுவந்த 32 இன்ச் டிவி. "என்ன மச்சான், இவ்ளோ பெரிய சுவருக்கு இந்த டிவியா?" என்று மாமா கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரி எங்களைப் பார்த்து, "75 இன்ச் ஒன்னு எடுப்போமா?" என்றார்.

இது ஒரு டிவி சமாச்சாரம், இதில் என்ன தத்துவம் என்று தோன்றலாம். வகுப்பில் நாம் பேசுகிற பெரிய கேள்விகள் நம்ம வீட்டுக்குள் இப்படித்தான் வருகின்றன: ஒரு டிவியாக, ஒரு காடியாக, ஒரு கல்யாணச் செலவாக. எது தேவை, எது ஆசை? போதும் என்ற அளவை யார் வைப்பது? படிக்கிற பிள்ளை உழைக்கிற அப்பாவிடம் "வேண்டாம்" என்று சொல்லலாமா? இந்தக் கேள்விகளுக்கு நான் யோசித்த வரை எழுதுகிறேன்.

கண்ணின் கணக்கு

நான் பொறியியல் மாணவன். "எவ்வளவு தேவை?" என்று யாராவது கேட்டால் முதலில் அளவுநாடாவை எடுக்கத்தான் கை போகும். சோபாவுக்கும் சுவருக்கும் இடையே அளந்தேன். 2.7 மீட்டர்.

டிவியின் இன்ச் என்பது மூலைக்கு மூலை உள்ள அளவு. இப்போது வரும் 16:9 திரைகளில் அகலம் அந்த அளவில் சுமார் 87 விழுக்காடு. 65 இன்ச் டிவியின் அகலம் 144 சென்டிமீட்டர், 75 இன்ச் டிவிக்கு 166. "பத்து இன்ச்தானே கூட" என்று கடையில் சொல்லுவார்கள். பரப்பளவில் பார்த்தால் அந்தப் பத்து இன்ச் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

எவ்வளவு பெரிய திரை போதும் என்பதற்குத் தொழில்துறையில் அளவு வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது திரையின் அகலம் 30 பாகைக் கோணத்தைப் பிடிக்க வேண்டும் என்பது எஸ்.எம்.பி.டி.இ. என்ற திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் பரிந்துரை. தியேட்டர் மாதிரி வேண்டும் என்றால் 40 பாகை என்கிறது டி.எச்.எக்ஸ். எங்கள் ஹாலின் 2.7 மீட்டருக்குக் கணக்குப் போட்டால், 65 இன்ச் டிவி 30 பாகை தரும். 75 இன்ச் 34 பாகை. 40 பாகை வேண்டுமென்றால் 85 இன்ச்கூடக் கொஞ்சம் பற்றாது.

பாருங்கள், கணக்கே இரண்டு பதில் சொல்லுது. செய்தியும் நாடகமும் பார்க்கிற வீட்டுக்கு ஒரு போதும். வீட்டையே தியேட்டர் ஆக்க நினைப்பவருக்கு வேறொரு போதும். எதற்காக என்று முதலில் முடிவு பண்ணாமல் எவ்வளவு என்று கேட்டால் எந்தச் சூத்திரமும் பதில் சொல்லாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கணக்கு ஒரே பதில் சொல்லும். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். அதைவிடச் சிறியது அதற்குத் தெரியாது. 75 இன்ச் 4கே டிவியில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒன்றரை மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகளை எந்த 6/6 கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. இதே அளவில் 8கே டிவி வாங்கினால், அந்தக் கூடுதல் துல்லியத்தை அனுபவிக்க முக்கால் மீட்டரில் போய் உட்கார வேண்டும். நாங்கள் உட்காரப்போவது 2.7 மீட்டரில். அப்படியென்றால் 8கே-க்குக் கொடுக்கும் காசு கண்ணுக்கு எட்டாத ஒன்றுக்குக் கொடுக்கும் காசு.

இது எனக்குப் பெரிய பாடமாகத் தெரியுது. உடம்புக்குப் போதும் என்ற எல்லை உண்டு. வயிறு நிறைந்தால் சோறு இறங்காது. கண்ணுக்கும் அப்படி ஒரு எல்லையைப் படைத்தவன் வைத்திருக்கிறான். எல்லை இல்லாதது மனசுக்குத்தான்.

யாருடைய கண்?

மேலே சொன்ன கணக்கெல்லாம் 6/6 கண்ணுக்கு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் 6/6 இல்லை.

பாட்டிக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாச்சு. கண் மருத்துவமனைச் சீட்டில் 6/12 என்று எழுதியிருக்கு. மற்றவர்கள் 12 மீட்டரிலிருந்து படிப்பதைப் பாட்டி 6 மீட்டருக்கு வந்துதான் படிக்க முடியும். அதனால் பாட்டி என்ன செய்வார் தெரியுமா? பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் டிவிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் போட்டுக்கொள்வார். "பாட்டி, மறைக்குது" என்று தங்கச்சி கத்துவாள். பாட்டி நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார். டிவி2 தமிழ்ச் செய்தி, வானவில் நாடகம், தைப்பூசத்து நேரலை. பத்துமலையின் 272 படி ஏற முழங்கால் விடவில்லை. முருகனை அவர் பார்ப்பது இப்போது அந்தத் திரையில்தான்.

2.7 மீட்டரிலிருந்து பார்த்தால் 32 இன்ச் டிவி 15 பாகைதான் பிடிக்கும். 65 இன்ச் 30 பாகை. சரியாக இரண்டு மடங்கு. பாட்டியின் கண்ணுக்கு எழுத்து இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும். அதாவது, 32 இன்ச்சில் நாங்கள் சோபாவிலிருந்து படிக்கிற எழுத்தைப் பாட்டியும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் அதற்கு 65 இன்ச் வேண்டும்.

இந்த இடத்தில் 'தேவை' என்ற சொல்லுக்கே பொருள் மாறிப்போகுது. இருபது வயதுக் கண்ணுக்கு 32 இன்ச் போதும். அதற்கு மேல் வாங்குவது ஆடம்பரம் என்று அந்தக் கண்ணை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வீட்டின் தேவையை அந்த வீட்டில் நன்றாகப் பார்க்கிறவனை வைத்து அளப்பது நியாயமா, சிரமப்பட்டுப் பார்க்கிறவரை வைத்து அளப்பது நியாயமா? கோயிலில் சாய்தளம் கட்டுவது நடக்கத் தெரிந்தவருக்காக இல்லை. எளிமை என்ற பெயரில் வீட்டில் பலவீனமானவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால், அந்த எளிமையின் விலையை அவர்தான் கட்டுகிறார்.

துறவு யாருக்குச் சொன்னது?

சமயம் இதில் என்ன சொல்லுது? பதஞ்சலி சொன்ன ஐந்து யமங்களில் ஒன்று அபரிகிரகம். தேவைக்கு மேல் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளாமை. திருக்குறளில் அவா அறுத்தல் என்று ஓர் அதிகாரமே இருக்கு. இதையெல்லாம் படித்த ஒரு இளைஞன் வீட்டுக்கு வந்து, "அப்பா, ஆசையை விடுங்க" என்று சொன்னால் அது சரிதானே?

திருக்குறளைத் திறந்து அந்த அதிகாரம் எங்கே இருக்கு என்று பாருங்கள். அவா அறுத்தல் 37-ஆவது அதிகாரம். வள்ளுவர் சொல்லும் அறத்தில் இல்லறவியல், துறவறவியல் என்று இரண்டு பகுதி. அவா அறுத்தல் வருவது துறவறவியலில். இல்லறத்தில் இருப்பவனுக்கு அவர் வைத்த அதிகாரங்கள் வேறு. 17-ஆவது அழுக்காறாமை, 18-ஆவது வெஃகாமை. அடுத்தவன் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்படாதே, அடுத்தவன் பொருளுக்கு ஆசைப்படாதே. இல்லறத்தானிடம் ஆசையையே வேரோடு அறுத்துவிடு என்று அந்த இடத்தில் அவர் கேட்கவில்லை. இன்பத்துக்கு என்று ஒரு முழுப் பாலையும் எழுதி வைத்தவர் அவர்.

நம்ம சமயத்திலும் அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்கு புருஷார்த்தம். பிரமச்சரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று நான்கு நிலை. ஒவ்வொரு நிலைக்கும் ஒவ்வொரு ஒழுங்கு. மாணவன் எளிமையா இருக்க வேண்டும் என்பது மாணவனுக்குச் சொன்னது. அதை எடுத்துக்கொண்டு போய், குடும்பத்தைத் தாங்குகிற இல்லறத்தான் தலையில் வைப்பதற்கு எந்த நூலும் அதிகாரம் கொடுக்கவில்லை. பட்டினத்தார் பெரிய துறவி. அவர் துறந்தது காவிரிப்பூம்பட்டினத்தில் தாம் சேர்த்த சொத்தை. தன்னுடையதை விடுவதுதான் துறவு. அடுத்தவர் ஆசையை விடச் சொல்வது வெறும் அறிவுரை.

அப்பாவின் ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் கோலசிலாங்கூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்தவர். மலேசியாவுக்குத் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது. கலர் 1978-இல் வந்தது. ஆனால் லயத்து வீடுகளுக்கெல்லாம் அது உடனே வந்துவிடவில்லை. அப்பா சின்னப் பையனா இருந்தபோது அவர்கள் பக்கத்தில் டிவி இருந்தது கிராணி வீட்டில். தமிழ்ப்படம் போடுகிற நாளில் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார்கள். குள்ளமானவர்கள் செங்கல்லோ வாளியோ கொண்டுவர வேண்டும். மழை வந்தால் உள்ளே இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். படம் எப்படி முடிந்தது என்று மறுநாள் யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்களாம். அப்பா இதைச் சோகமாகச் சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். "கடைசிச் சண்டைய நான் பாத்ததே இல்லடா. கேட்டதுதான்."

இப்போது அவர் போர்ட் கிளாங்கில் கொள்கலன் லாரி ஓட்டுகிறார். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவார். அவருக்கு ஒரு பெரிய திரை வேண்டும் என்றால், அதில் பேராசை எங்கே இருக்கு?

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இன்றைக்கு வீட்டில் எல்லார் கையிலும் ஒரு திரை இருக்கு. அம்மா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம், காதில் இயர்போன். ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சிரிக்க மிச்சம் இருப்பது ஹாலில் இருக்கும் அந்த ஒரு திரைதான். நாலு பேர் தனித்தனியா வைத்திருக்கும் போன்களின் விலையைக் கூட்டிப் பார்த்தால் பல வீடுகளில் அது டிவி விலையைத் தாண்டிவிடும். ஆனால் போனை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அப்பா கேட்கிற டிவியைத்தான் சொல்கிறோம். தனி ஆசை தேவை என்ற கணக்கில் போகுது, கூட்டு ஆசை ஆடம்பரம் என்ற கணக்கில் போகுது. இது சரியான கணக்கா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

கடையில் வளரும் ஆசை

அப்படியென்றால் எந்த ஆசையும் சரி, எவ்வளவு பெரிதும் சரி என்று ஆகிவிடுமா? ஆகாது. ஆசை எங்கே பிறந்தது என்று பார்ப்பது போல, எங்கே வளருது என்றும் பார்க்க வேண்டும்.

கடைக்குள் போய்ப் பாருங்கள். டிவிகளை வரிசையா மாட்டியிருப்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது 65 இன்ச் ரொம்பப் பெரிது என்று நினைத்திருப்போம். 85-க்குப் பக்கத்தில் அது சின்னப் பிள்ளை மாதிரி நிற்கும். திரையெல்லாம் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் இருக்கும். கடையில் வைக்கும் டிவிகளை அதற்கென்றே இருக்கும் அதிக வெளிச்ச முறையில் வைத்திருப்பார்கள். வெள்ளை கொஞ்சம் நீலம் அடிக்கும், நிறங்கள் துள்ளும். வீட்டு ஹாலில் ராத்திரி அந்த வெளிச்சத்தில் யாராலும் படம் பார்க்க முடியாது. அதாவது நாம் ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தப் படமும் வெளிச்சமும் வீட்டுக்கு வரப்போவதில்லை. பக்கத்தில் இருக்கும் 85 இன்ச்சும் வரப்போவதில்லை. வீட்டில் மாட்டியதும் நம்ம டிவி தனியாகத்தான் இருக்கும். ஒப்பீடு கடையிலேயே தங்கிவிடும், அதற்குக் கொடுத்த காசு மட்டும் நம்மிடமிருந்து போயிருக்கும்.

எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையும் அப்படித்தான். ஐந்து நட்சத்திரம் என்றதும் மின்சாரம் குறைவு என்று நினைக்கிறோம். நட்சத்திரம் சொல்வது திறன். ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெரிய திரை, நட்சத்திரம் குறைந்த சின்னத் திரையைவிட அதிக மின்சாரம் குடிக்கலாம். முத்திரையில் வருஷத்துக்கு எத்தனை கிலோவாட் மணி என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கோவணச் சாமியார் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். கோவணத்தை எலி கடித்தது என்று பூனை வளர்த்தார். பூனைக்குப் பால் வேண்டும் என்று மாடு வாங்கினார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கல்யாணம் பண்ணிக்கொண்டார். டிவியும் தனியா வராது. 75 இன்ச்சுக்கு இந்த மேசை பொருந்தாது, கேபினெட் வேண்டும். ஒல்லியான டிவியில் சத்தம் நன்றாக இருக்காது, சவுண்ட்பார் வேண்டும். இவ்வளவு செய்துவிட்டு பழைய சோபாவா? சுவருக்கு ஒரு பலகை அலங்காரம் செய்தால் எடுப்பா இருக்குமே. அப்பார்ட்மெண்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கு. சவுண்ட்பாரின் அதிர்வு அவர்கள் தொட்டிலுக்கும் போகும். எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே தெரியாதவன் மாடு வரைக்கும் போய்த்தான் நிற்பான்.

மாமா வீட்டில் 85 இன்ச் இருக்கு. அதைப் பார்த்து 75 வேண்டும் என்றால் அந்த ஆசை கிராணி வீட்டு ஜன்னலில் பிறந்தது இல்லை. வள்ளுவர் இல்லறத்தானுக்கு வைத்த அழுக்காறாமை அதிகாரத்தின் பக்கம் போய்விடுது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே டிவி. உள்ளே இருக்கும் காரணம் வாங்குபவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவரும் அவர்தான்.

மாதம் 180

நாங்கள் போன கடையில் 75 இன்ச் டிவிக்கு ரொக்க விலை 4,800 ரிங்கிட். 65 இன்ச் 2,900. அப்பா விலைச்சீட்டைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே விற்பனையாளர் வந்தார். "அண்ணே, மாசம் 180 கட்டுங்க, 36 மாசம். முன்பணம் வேணாம். இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்." வட்டி எவ்வளவு என்று கேட்டதற்கு, "வருஷத்துக்குப் பன்னண்டு பர்சென்ட்கூட இல்ல" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. 180-ஐ 36-ஆல் பெருக்கினால் 6,480. கூடுதல் 1,680. மூன்று வருஷத்தில் பங்கு போட்டால் வருஷத்துக்கு 560. அது 4,800-இல் 11.7 விழுக்காடு. ஆனால் இது நிலைவட்டிக் கணக்கு. மூன்று வருஷமும் முழு 4,800 ரிங்கிட்டை நாம் கடனாக வைத்திருப்பதாக நினைத்துப் போடும் கணக்கு. உண்மையில் நாம் மாதாமாதம் கட்டிக் குறைத்துக்கொண்டே வருகிறோம். சராசரியாகப் பாதிக்குச் சற்று மேல்தான் கடனாக நம்மிடம் இருக்கும். பாதிக் கடனுக்கு முழு வட்டி. குறையும் கடனுக்கு ஏற்றபடி சரியாகப் போட்டால் அது வருஷத்துக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வருது. நண்பர்களே, இந்த ஒரு கணக்கை நம்ம ஒவ்வொருவரும் வீட்டில் உட்கார்ந்து அப்பா அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். டிவிக்கு மட்டும் இல்லை. தவணையில் வரும் எல்லாப் பொருளுக்கும்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வட்டியைவிட அந்த 36 மாதம். அப்பாவுக்குச் சம்பளம் ட்ரிப்புக்கு இவ்வளவு என்றுதான் வருது. உடம்பு முடியாமல் ஒரு வாரம் படுத்தால் அந்த வாரம் ட்ரிப் இல்லை. வீட்டுக் கடன் இப்போதுதான் தொடங்கியிருக்கு. தங்கச்சி இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதுகிறாள். அடுத்த வருஷம் அவள் படிப்புக்கு என்ன செலவு வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு ஆசைப்படும் அப்பா, மூன்று வருஷத்துக்கு அப்புறம் இருக்கப்போகும் அப்பாவின் தோளில் சுமையை ஏற்றுகிறார். அந்த அப்பாவுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அபரிகிரகம் என்ற சொல்லுக்குள் இருப்பது 'பிடித்தல்'. பொருளின் அளவைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. பிடியைப் பற்றித்தான் சொல்லுது. ஜனகர் மிதிலைக்கு அரசர். அரண்மனை இருந்தும் பற்றில்லாதவர் என்று அவரைச் சொல்கிறோம், ஏனென்றால் அரண்மனை அவரைப் பிடித்து வைத்திருக்கவில்லை. பணம் கட்டி வாங்கிய 75 இன்ச் டிவி வீட்டுச் சுவரில் தொங்கும். தவணையில் வாங்கியது மாதம் பிறந்தால் நம்ம கழுத்தில் தொங்கும். உடம்பு முடியாத நாளிலும் லாரியை எடுக்க வைக்கும். அங்கேதான் நாம் பொருளைப் பிடித்த நிலை மாறி, பொருள் நம்மைப் பிடிக்கும் நிலை வருது. என்னைக் கேட்டால், ஆசையில் தப்பு தொடங்கும் இடம் இதுதான். இன்ச்சில் இல்லை.

கடையிலிருந்து வரும் வழியில் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்கை மட்டும் சொன்னேன். பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பணமும் அம்மாவின் ஓ.டி. பணமும் சேர்த்து 1,500 ரிங்கிட் கையில் இருந்தது. கடைக்குக் கட்டவிருந்த அதே 180-ஐ மார்ச்சிலிருந்து உறையில் போட்டு வந்தால் எட்டு மாதத்தில் 2,940. இந்தத் தீபாவளிக்கு 65 இன்ச் ரொக்கமாக வாங்கலாம். 75-தான் வேண்டும் என்றால் பத்தொன்பது மாதம். அடுத்த வருஷத் தீபாவளி. இரண்டிலும் வட்டி இல்லை. நடுவில் ட்ரிப் குறைந்தால் அந்த மாதம் உறையில் போடாமல் விடலாம், யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள்.

அப்பா ரொம்ப நேரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம் சொன்னார்: "வாங்குறது பெரிசில்லடா. நிம்மதியா உக்காந்து பாக்கணும்ல."

யார் சொல்வது?

இப்போது உறையில் 2,400 ரிங்கிட் இருக்கு. 65-ஆ, 75-ஆ என்று அப்பா இன்னும் முடிவு பண்ணவில்லை. பாட்டி, "நான் இருக்கும்போதே வாங்குடா" என்கிறார். அம்மாவுக்கு 65 போதும். தங்கச்சிக்கு 75. நான் பதில் சொல்லவில்லை. எனக்கு ஒரு கருத்து உண்டு, என் கணக்கு 65 என்றுதான் சொல்லுது. ஆனால் 75-க்காக இன்னொரு வருஷம் காத்திருக்க அப்பா தயார் என்றால், அந்தக் காத்திருப்பே அவருடைய ஆசைக்கு அவர் கொடுக்கும் நேர்மையான விலை. யாருடைய பொருளும் இல்லை, யாரைப் பார்த்தும் இல்லை, நாளைய உழைப்பை அடகு வைத்தும் இல்லை. அப்படி ஒரு மனிதன் தன் வீட்டாரோடு உட்கார்ந்து கடைசிச் சண்டையைப் பார்க்க ஆசைப்பட்டால், அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு எந்த நூலிலும் இடம் கிடைக்கவில்லை.

நம்ம வயதில் நிறைய பேருக்கு இந்தச் சந்தர்ப்பம் வரும். புது வீடு, புது காடி, அக்கா கல்யாணம் என்று பெரியவர்கள் ஏதாவது ஒரு செலவுக்கு நிற்பார்கள். நாம் படித்திருக்கிறோம், சமய வகுப்புக்கும் போயிருக்கிறோம் என்பதால் நம்மிடமும் கேட்பார்கள். அப்போது உபதேசத்தை எடுக்காமல் மூன்று கேள்வியை எடுத்து வைக்கலாம். இது யாருக்காக, வீட்டில் சிரமப்படுகிறவர் இதில் இருக்கிறாரா? இந்த ஆசை நம்ம வீட்டில் பிறந்ததா, அடுத்தவர் வீட்டைப் பார்த்து வந்ததா? கட்டப்போவது இருக்கும் பணத்திலா, இன்னும் வராத பணத்திலா?

கணக்கை ஒளிக்காமல் சொல்வது பிள்ளையின் கடமை. முக்கியமாக அந்த 11.7-க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் 20-ஐ எடுத்துச் சொல்வது. 'போதும்' என்ற சொல்லைச் சொல்லும் உரிமை மட்டும் உழைத்தவருக்கு. நமக்கு அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்க ஆசையா இருந்தால் அதற்கும் இடம் இருக்கு. நம்ம சட்டைப்பையில் ஒரு போன் இருக்கு. அடுத்த மாடல் வரும்போது அதைப் பார்த்துச் சொல்லிப் பழகுவோம்.